சாவியை எடுத்துக்கொண்டு இறங்குதல்

அக்டோபரிலேயே தொடங்கிவிட வேண்டிய வேலை இது,
புல் கண்ணுக்குத் தெரிகிறபோதே.
தபால்பெட்டியிலிருந்து கராஜ் வரை நடந்து
ஆறடிக்கொன்றாய் ஆரஞ்சுக் குச்சி நட்டேன்.
கழிவுத்தொட்டி மூடிக்கு மட்டும் இரண்டு.
போன வருடம் அதை மறந்துபோனதில்
தகடு முட்டி, ஸ்பிரிங் மடங்கி,
ஸ்டீயரிங்கில் போய் விழுந்தேன்.
என் இடது விலாவுக்கு இப்போதெல்லாம்
மழை ஒருநாள் முன்பே தெரிந்துவிடுகிறது.

டிராக்டரை விற்றவர் கார்ல்ட்டன் வுவோரி.
சுப்பீரியர் ஏரிக்கரையில் அறுபது குளிர்காலம் இருந்துவிட்டு
அரிசோனாவுக்குக் கிளம்பியவர்.
கையேடு தொலைந்துவிட்டது என்றார்.
தகட்டின் முதுகில் மட்டும் வெள்ளைப் பெயிண்டில்
அவர் கையெழுத்து:
மெதுவாக.

மீதி நானாகத் தெரிந்துகொண்டது.
முன்னால் அவ்வளவு இரும்பைத் தூக்கிக்கொண்டால்
பின்சக்கரம் தரையை மறந்துவிடும்.
அதனால் சங்கிலி. அதனால் பின்னால் மணல் மூட்டை மூன்று.
தகட்டை ஒரு விரல்கடை உயர்த்தி ஓட்டாவிட்டால்
ஏப்ரலில் குனிந்து
புல்லுக்குள் ஜல்லி பொறுக்க வேண்டும்.
சரிவில் நேராக ஏறு, நேராக இறங்கு,
குறுக்கே போகிற எண்ணமே வேண்டாம்.
முதல் பனியைத் தூரமாகத் தள்ளு.
டிசம்பர் சோம்பலில் பக்கத்திலேயே விட்ட கரை
பிப்ரவரியில் சுவராகி
வண்டிவழிக்குள் நடந்து வரும்.

இரவில் எனக்கு எக்ஸ்ரே அறையில் வேலை.
ஜனவரி பிறந்தால் விரல்கள் வர ஆரம்பிக்கும்.
தூக்கின தகட்டுக்கடியில் கட்டியைத் தட்டப் போன விரல்கள்,
எஞ்சின் ஓட ஓட,
"ஒரு நிமிஷந்தானே" என்று போன விரல்கள்.
பிலிமில் மோதிரம் மட்டும் உடையாமல் தெரியும்.
அதனால் எனக்கு ஒரு பழக்கம்:
தகட்டைத் தரையில் இறக்கு,
எஞ்சினை அணை,
சாவியைப் பையில் போடு,
பிறகு இறங்கு.
ஒவ்வொரு தடவையும். எரிச்சலாகத்தான் இருக்கும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், பதினாலு அங்குலம்.
பள்ளிக்கூடம் இல்லை என்று ரேடியோ சொல்லியது.
ஷிஃப்ட் முடிந்த உடம்போடு தள்ளிக்கொண்டிருந்தேன்.
இன்னும் ஒரே ஒரு தள்ளல்,
சாலையோரக் குவியலின் மேல், கொஞ்சம் வேகமெடுத்து.
பின்னால் கராஜ் வரை போய்த் திரும்பினேன்.
தூக்கும் நெம்புகோல் அசையவில்லை. பனிக்கட்டி.

இறக்கினேன். அணைத்தேன். சாவி. இறங்கினேன்.
அந்த அமைதியில்
ட்ரெத்தேவி வீட்டு விறகுக் கொட்டகைப் பக்கமிருந்து
யாரோ எண்ணுகிற சத்தம்:
முப்பத்தேழு, முப்பத்தெட்டு...

எண்ணுகிறவன் அங்கே.
அப்படியென்றால் ஒளிகிறவள்?

குவியலைச் சுற்றி நடந்தேன்.
கால்கள் என்னுடையவையாக இல்லை.
மறுபக்கத்தில் நாய்வீட்டு வாசல் அளவுக்கு ஒரு பொந்து,
அதற்குள் ஊதாப் பூட்ஸ் இரண்டு,
அதற்கப்பால் லோவென்னாவின் முகம்.
ஆறு வயது. முன்பல் இல்லை.
உதட்டில் விரலை வைத்தாள்:
உஷ்.

நாற்பத்தாறு, நாற்பத்தேழு.

இழுத்து வெளியே போட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம்.
வாய் வரவில்லை.
பொந்தின் வாசலிலேயே பனியில் உட்கார்ந்துவிட்டேன்,
ஒரு கையில் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு,
இன்னொரு கை பையில்
சாவியின் பற்களை எண்ணிக்கொண்டிருந்தது.

ஐம்பது. வர்றேன்.
கிப் கொட்டகையைச் சுற்றினான், காருக்கடியில் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
நான் பார்க்கக் கூடாத இடத்தை
நன்றாக, நீளமாகப் பார்த்தேன்.

"நீங்க காட்டிக்கொடுத்துட்டீங்க"
என்று அழுதாள் லோவென்னா, தலையெல்லாம் பனி.
அவள் அம்மாவிடம் சொல்லவேண்டியதை
அன்றே போய்ச் சொன்னேன்.
மண்வெட்டியால் அந்தக் குவியலை உடைத்துப் போட
இருட்டுகிறவரை ஆனது.

இன்னும் என்னோடு பேசுவதில்லை அவள்.
பேசாமலே இருக்கட்டும்.
ஜன்னலிலிருந்து நாக்கை நீட்டுகிறாள் தினமும்;
தினமும் பார்க்கிறேன்.